பழைய பிக்கப் வண்டியில் அரைக்கும் சத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளி மண்டிகளுக்கும், மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள கூழ் ஆலைகளுக்கும் சுமை ஏற்றிச் செல்லும் வண்டிகளில் பல, பத்துப் பதினைந்து ஆண்டுகளைத் தாண்டியவை. பொலிரோ பிக்கப், டாடா 207 போன்ற இந்த வண்டிகள் காவேரிப்பட்டணத்தில் உள்ள எங்கள் பட்டறைக்கு வரும்போது, உரிமையாளர்கள் அதிகம் சொல்லும் குறை "அடியில் ஏதோ அரைக்கிறது" என்பதே. கிளட்ச் முதல் பின் சக்கரம் வரை உள்ள பாகங்களில் எழும் அந்தச் சத்தத்தைப் பற்றி அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், எதையும் பிரிப்பதற்கு முன் சத்தத்தின் இடத்தைக் கண்டுபிடிக்கும் வழிகளையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

சத்தத்தைக் கேட்டவுடனே எந்தப் பாகம் என்று சொல்லிவிட முடியாதா?

சில சமயம் முடியும். பல சமயம் முடியாது. பழைய வண்டியின் சேஸ் ஒரு நீண்ட இரும்புச் சட்டம் என்பதால், பின் அச்சில் பிறக்கும் சத்தம் அதன் வழியாக ஓடி ஓட்டுநரின் இருக்கைக்கு அடியில் வந்து ஒலிக்கும். கியர்பாக்ஸ் காலுக்குப் பக்கத்தில் இருப்பதால் எல்லாப் பழியும் அதன் மேல் விழுகிறது.

இதை நான் ஒரு பெரிய தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த தொடக்கக் காலத்தில், போச்சம்பள்ளிப் பக்கத்திலிருந்து தேங்காய் ஏற்றும் வண்டி ஒன்று வந்தது. சத்தம் நடுவிலிருந்து கேட்டதால் கியர்பாக்ஸை இறக்கினேன், பேரிங்குகளை மாற்றினேன், மீண்டும் ஏற்றினேன். சத்தம் அப்படியே இருந்தது. குற்றவாளி, கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீண்ட தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங். சுமைக் காலத்தில் அந்த மனிதர் எட்டு நாள் வண்டியில்லாமல் இருந்தார். அன்றிலிருந்து, சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதைத்தான் முதலில் கேட்கிறேன்.

அப்படியானால் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

சத்தம் என்ஜினின் வேகத்தோடு மாறுகிறதா, வண்டியின் வேகத்தோடு மாறுகிறதா என்ற ஒரே கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். போக்குவரத்து இல்லாத சமமான சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாவது கியரில் ஓட்டிச் சத்தத்தைக் கவனியுங்கள். பிறகு அதே வேகத்தில் நான்காவது கியருக்கு மாற்றுங்கள். வண்டியின் வேகம் மாறவில்லை, என்ஜினின் சுழற்சி மட்டும் குறைந்திருக்கிறது. சத்தத்தின் சுருதியும் சேர்ந்து இறங்கினால் என்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸின் முன்பகுதி ஆகியவற்றைப் பாருங்கள். சுருதி மாறாமல் இருந்தால், கியர்பாக்ஸின் பின்முனையிலிருந்து சக்கரம் வரை உள்ளவற்றில் தேடுங்கள்.

அடுத்து, அதே சமமான சாலையில் நியூட்ரலுக்குத் தள்ளி, என்ஜினை அணைக்காமல், வண்டியைத் தன்போக்கில் உருள விடுங்கள். சத்தம் அப்போதும் தொடர்ந்து, வண்டி மெதுவாக மெதுவாகத் தானும் தணிந்தால், என்ஜினும் கிளட்ச்சும் குற்றமற்றவை. நியூட்ரலில் மறைந்து, கியரில் விட்டு ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் வந்தால், சுமை தாங்கும் பற்களில் கோளாறு இருக்கக்கூடும். இந்தச் சோதனையை இறக்கத்தில் எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது.

சத்தம் சுழலும் வேகத்தைக் காதால் எண்ண முடியுமா?

முடியும், எனக்கு மிகவும் பயன்பட்ட சோதனை இதுதான். இந்த வகை வண்டிகளின் டயருடைய சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது முதல் கியரில் ஊர்ந்து செல்லும்போது, சக்கரம் நொடிக்கு ஒரு முறை சுற்றும். பின் அச்சுக்குள் பல்லிணைந்திருக்கும் பெரிய பற்சக்கரமான கிரவுனும் சிறிய பற்சக்கரமான பினியனும் சுழற்சியை ஏறத்தாழ நான்கில் ஒன்றாகக் குறைப்பதால், புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதே நொடியில் நான்கு முறை சுற்றும்.

ஆகவே ஊர்ந்து செல்லும்போது "கர்... கர்... கர்..." என்று நிதானமாக நொடிக்கு ஒன்றாகக் கேட்டால், சக்கரம், ஆக்சில், பிரேக் டிரம், கிரவுன் வீல் ஆகியவற்றில் தேடுங்கள். "கரகரகர" என்று வேகமாகத் துடித்தால் புரொப்பெல்லர் ஷாஃப்டும் அதோடு சேர்ந்து சுற்றும் பினியனும்தான் சந்தேகத்துக்குரியவை. சுவரை ஒட்டிய சந்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினால், சத்தம் சுவரில் பட்டுத் திரும்பித் தெளிவாகக் கேட்கும்.

வண்டி நிற்கும்போதே நியூட்ரலில் சத்தம் வருகிறது. கிளட்ச்சை மிதித்தால் நின்றுவிடுகிறது. ஏன்?

நியூட்ரலில் கிளட்ச்சை விட்டிருக்கும்போது, கிளட்ச்சிலிருந்து கியர்பாக்ஸுக்குள் வரும் தண்டான டாப் ஷாஃப்டும் அதோடு பல்லிணைந்த துணைத் தண்டான லே ஷாஃப்டும் என்ஜினோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். மிதித்தவுடன் அவை நின்றுவிடும். ஆகவே மிதித்தால் அடங்குகிற சத்தம், அந்த இரண்டு ஷாஃப்டுகளின் பேரிங் தேய்மானத்தையோ ஆயில் குறைவையோ குறிக்கிறது. முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். சீல் ஒழுகி ஆயில் பாதியாகிப்போன பெட்டிகளை அடிக்கடி காண்கிறேன்.

மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால்?

அது பெரும்பாலும் கிளட்ச் பேரிங், அதாவது ரிலீஸ் பேரிங். பெடலை மெதுவாகத் தொட்டவுடனேயே மெல்லிய கீச்சொலி தொடங்கி, முழுவதும் மிதிக்கும்போது உரசலாக மாறும். பெடலை முழுவதும் மிதித்து, கியரையும் போட்டு நிற்கும்போது மட்டும் சத்தம் வந்தால், என்ஜினின் பின்முனையில் சுற்றும் பிளைவீலின் நடுவில் டாப் ஷாஃப்டின் முனையைத் தாங்கும் சிறிய பைலட் பேரிங்கையோ புஷ்ஷையோ பார்க்க வேண்டும். இரண்டையும் மாற்றுவதற்குக் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும் என்பதால், கிளட்ச் பிளேட் மாற்றும்போதே இவற்றையும் மாற்றிவிடுவது நல்லது. சில நூறு ரூபாயை மிச்சப்படுத்த பழைய பேரிங்கையே திரும்பப் போட்டு, மூன்று மாதம் கழித்து மீண்டும் கியர்பாக்ஸை இறக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கியர் போடும் அந்த ஒரு கணத்தில் மட்டும் "கர்ர்" என்று அரைக்கிறது. கியர் போய்விட்டதா?

அவசரப்பட வேண்டாம். என்ஜின் ஓடும்போது கிளட்ச்சை முழுவதும் மிதித்து, நான்கைந்து நொடி பொறுத்து, ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். பொறுத்த பிறகும் அரைத்தால், கிளட்ச் முழுமையாக விடவில்லை என்று பொருள். கேபிள் தளர்வு, கிளட்ச் ஆயில் குறைவு, மாஸ்டர் சிலிண்டர் கசிவு ஆகியவற்றை முதலில் சரிபார்க்க வேண்டும், இவை சிறு செலவுகள். ரிவர்ஸ் அமைதியாக விழுந்து, ஓடும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்குவது போன்ற ஒரே ஒரு மாற்றத்தில் மட்டும் அரைத்தால், அந்தக் கியரின் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. பித்தளையாலான அந்த வளையம், இரண்டு பற்சக்கரங்களின் வேகத்தை உராய்வால் சமப்படுத்துகிறது; அது தேய்ந்தால் வேகம் சமமாகும் முன்பே பற்கள் மோதிக்கொள்கின்றன.

முதல் மூன்று கியர்களிலும் ஐந்திலும் அரைக்கிறது, நான்காவதில் மட்டும் அமைதியாகிறது. இது என்ன விந்தை?

இந்த வகைப் பழைய ஐந்து கியர் பெட்டிகளில் பெரும்பாலும் நான்காவது கியர் நேரடி கியர். அதில் டாப் ஷாஃப்ட், சுழற்சியை வெளியே கொண்டுபோகும் மெயின் ஷாஃப்டோடு நேராகப் பிணைந்து விடுகிறது. லே ஷாஃப்ட் சுற்றினாலும் அதன் மேல் சுமை இல்லை. மற்ற கியர்களில் என்ஜினின் முழு வலுவும் லே ஷாஃப்ட் வழியாகவே போகிறது. எனவே நான்கில் அடங்கும் சத்தம் லே ஷாஃப்டின் பேரிங்கைக் காட்டிக் கொடுக்கிறது. ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தம் வந்தால், அந்தக் கியரின் பற்களையோ அதற்கு அடியில் உள்ள ஊசி பேரிங்கையோ பாருங்கள். எல்லாக் கியர்களிலும், நான்கிலும் நியூட்ரலில் உருளும்போதும்கூட ஒன்றுபோல் வந்தால், பெட்டியை இறக்குவதற்கு முன் அதற்குப் பின்னால் உள்ளவற்றைச் சோதியுங்கள்.

கிராஸ் போயிருக்கிறதா என்று நானே பார்க்க முடியுமா?

கட்டாயம் பார்க்கலாம். கிராஸ் என்பது புரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணம் மாறினாலும் சுழல உதவும் சிலுவை வடிவ இணைப்பு. சமதளத்தில் நிறுத்தி, முன் பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, என்ஜினை அணைத்துச் சாவியை உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடியில் செல்லுங்கள். கிராஸின் இரு பக்கமும் உள்ள கவட்டைகளை ஒவ்வொரு கையால் பிடித்து எதிர்த் திசைகளில் முறுக்குங்கள், பிறகு மேலும் கீழுமாக அசையுங்கள். நல்ல கிராஸில் கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் துளியும் இருக்கக் கூடாது.

பிறகு கிராஸின் நான்கு முனைகளையும் மூடியிருக்கும் கப்புகளின் விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். கிரீஸ் வற்றிப்போன கப்பைச் சுற்றிச் செங்கல் பொடி தூவியது போலச் சிவந்த துரு படிந்திருக்கும். உள்ளே இருக்கும் ஊசிகள் உலர்ந்து, ஒன்றையொன்று அரைத்துத் துப்பிய பொடி அது. அந்தக் கப்பைக் கழற்றிப் பார்த்தால், கிராஸின் பளபளப்பான தண்டில் ஊசிகள் பதிந்து, வரி வரியாக விரல் நகம் தட்டுப்படும் பள்ளங்கள் இருக்கும். அந்த நிலைக்கு வந்த பிறகு கிரீஸ் அடித்தால் கீச்சொலி ஒரு வாரம் அடங்கும், பள்ளம் ஆறாது. கிராஸை மாற்றத்தான் வேண்டும். ஓடும்போது இதன் அடையாளங்கள்: மெதுவான வேகத்தில் அணில் கத்துவது போன்ற கீச்சொலி, முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றும்போது ஒரு "டொக்", வேகம் கூடினால் தரையில் அதிர்வு.

இரண்டு துண்டு ஷாஃப்ட் உள்ள வண்டிகளில் நடுவே ரப்பர் மெத்தைக்குள் அமர்ந்திருக்கும் சென்டர் பேரிங்கையும் மறக்காதீர்கள். ரப்பர் கிழிந்தால் ஷாஃப்ட் தொங்கி, சுமையோடு கிளம்பும்போது வண்டி குலுங்கும். பேரிங் போனால் தொடர்ந்து உறுமும். ஷாஃப்டைக் கழற்றும் முன் இணையும் இடங்களில் எல்லாம் சென்டர் பஞ்சால் குறி போடச் சொல்லுங்கள். குறி மாறிப் பூட்டினால், புதிய பேரிங் போட்ட மறுநாளே புதிய அதிர்வு தொடங்கும்.

பின்னாலிருந்து ஊளையிடும் சத்தம் கிரவுன் பினியன்தானா?

ஊளைக்கும் அரைப்புக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் கவனியுங்கள். ஒரே சுருதியில் நீண்டு, குறிப்பிட்ட வேகத்தில் தொடங்கி, ஆக்சிலரேட்டரை மிதித்தால் மாறி, விட்டால் மறுபடி மாறுவது பற்களின் ஊளை. கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று பொருந்தும் இடம் தவறியிருப்பதை அது காட்டுகிறது. சுமை கொடுத்தாலும் விட்டாலும் மாறாமல், மணலை உருட்டுவது போலக் கரகரப்பது பேரிங்கின் அரைப்பு. விடும்போது மட்டும் ஊளை கூடினால் பினியனின் நட்டு தளர்ந்து, பினியன் முன்னும் பின்னும் நகர்கிறதா என்று உடனே பாருங்கள்.

பினியன் ஆயில் சீல் மாற்றிய பிறகு சத்தம் தொடங்கியது. சீலுக்கும் சத்தத்துக்கும் என்ன தொடர்பு?

சீலுக்கும் சத்தத்துக்கும் தொடர்பில்லை. சீலை மாற்றுவதற்காகக் கழற்றிய நட்டுக்குத்தான் தொடர்பு. அந்த நட்டின் இறுக்கமே பினியன் பேரிங்குகளின் முன்னழுத்தத்தை, அதாவது அவை எவ்வளவு இறுக்கமாக அமர்ந்து சுழல்கின்றன என்பதைத் தீர்மானிக்கிறது. பல அச்சுகளில், இறுக்கும்போது நசுங்கி அளவை நிலைநிறுத்தும் ஒரு ஸ்லீவ் உள்ளே இருக்கும். காற்றில் இயங்கும் இம்பாக்ட் துப்பாக்கியை வைத்து அந்த நட்டைக் கண்ணை மூடிக்கொண்டு இறுக்கினால், பேரிங் அளவுக்கு மீறி நெரிபட்டு, சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் எரிந்துபோகும். குறைவாக இறுக்கினால் பினியன் ஆடும். கழற்றும் முன் நட்டிலும் பினியன் முனையிலும் கோடு போட்டு, சுழற்றத் தேவைப்படும் விசையை அளந்து வைத்து, அதே நிலைக்குக் கொண்டுவருவதே முறை. உங்கள் வண்டிக்கு இதைச் செய்கிறவர் அந்தக் கோட்டைப் போடுகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பார்ப்பது உங்கள் உரிமை.

கிரவுன் நன்றாக இருக்கிறது, பினியனை மட்டும் மாற்றலாமா?

கூடாது. இரண்டும் ஒன்றோடொன்று இழைத்துப் பொருத்தப்பட்ட ஜோடி. பழைய அச்சிலிருந்து எடுத்த ஜோடியை வாங்குவதானாலும், இரண்டையும் ஒரே அச்சிலிருந்து எடுத்ததுதானா என்று உறுதி செய்யுங்கள். பொருத்தும்போது பற்களில் மார்க்கிங் வண்ணம் தடவிச் சுழற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்த்து, ஷிம் எனும் மெல்லிய இடைத்தகட்டை மாற்றி மாற்றிச் சரிசெய்ய வேண்டும். அரை நாளுக்கு மேல் பிடிக்கும் வேலை இது. ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

நேராகப் போகும்போது ஒன்றுமில்லை, திரும்பும்போது மட்டும் அரைக்கிறது.

நேராகச் செல்லும்போது, இரு பின் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் தரும் டிஃபரன்ஷியலுக்குள் உள்ள சிறிய கியர்கள் தமக்குள் சுற்றுவதில்லை. திரும்பும்போதுதான் வெளிச் சக்கரம் கூடுதலாகச் சுற்ற, அவை வேலை செய்கின்றன. இறுக்கமான திருப்பத்தில் மெதுவாகச் செல்லும்போது "கடக் கடக்" என்று வந்தால் அந்தக் கியர்களையும் அவற்றின் வாஷர்களையும் பாருங்கள். வேகமான வளைவில் உறுமல் கூடினால் வீல் பேரிங்கைப் பாருங்கள்.

வீல் பேரிங் சத்தத்தை எப்படி உறுதி செய்வது? டயர் சத்தமும் அப்படித்தான் இருக்கிறதே?

ஆள் இல்லாத அகலமான சாலையில் 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங்கை மெல்ல இடமும் வலமும் அசையுங்கள். இடப்பக்கம் வளையும்போது வண்டியின் பாரம் வலப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. அப்போது சத்தம் கூடினால் வலப்பக்கப் பேரிங். மாறாக வந்தால் இடப்பக்கம். டயர் மேடு பள்ளமாகத் தேய்ந்திருந்தால், தார்ச் சாலையிலிருந்து சிமெண்ட் சாலைக்கு மாறியவுடன் சத்தத்தின் தன்மையும் மாறும். பேரிங்கின் சத்தம் சாலையைப் பொருட்படுத்தாது. முன் பின் டயர்களை மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனை.

இன்னொரு எளிய வழி, இருபது கிலோமீட்டர் ஓட்டி, அதிகம் பிரேக் பிடிக்காமல் நிறுத்தி, சக்கரங்களின் நடுப்பகுதியான நான்கு ஹப்புகளின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோவது. ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுடுகிறதென்றால், பேரிங்கோ, விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கோ அங்கேதான் இருக்கிறது. பிறகு அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, ஒரு கையால் சுற்றிக்கொண்டே மறு கையைச் சுருள்வில்லின் மீதோ பட்டை வில்லின் மீதோ வையுங்கள். தேய்ந்த பேரிங்கின் நறநறப்பு காதுக்குக் கேட்காவிட்டாலும் அந்த விரல்களுக்குத் தெரியும்.

நேற்றுவரை நன்றாக இருந்தது, இன்று காலை திடீரென இரும்பைத் தேய்க்கும் பயங்கரச் சத்தம்.

குவாரிச் சாலையிலோ ஜல்லி கொட்டிய சாலையிலோ ஓட்டினீர்களா? பர்கூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து கிரானைட் குவாரிகளுக்குப் போய்வரும் வண்டிகளில், முன் பிரேக் டிஸ்க்குக்கும் அதன் பின்னாலுள்ள தகட்டுக்கும் இடையே ஒரு சிறு கல் சிக்கிக்கொண்டு இப்படிக் கத்தும். சில சமயம் பின்னுக்கு எடுத்தாலே விழுந்துவிடும். இல்லையென்றால் தகட்டைச் சற்று நெம்பினால் விழும். கல் இல்லையென்றால் பிரேக் பேடின் தேய்மானத்தைப் பாருங்கள்.

ஆயிலைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

நிறைய. முதலில் நிரப்பும் நட்டைக் கழற்றுங்கள், அது கழன்ற பிறகே வடிக்கும் நட்டைத் தொடுங்கள். வடித்த பிறகு மேல் நட்டு துருவேறிக் கழல மறுத்தால், ஆயில் இல்லாத வண்டியோடு நிற்க வேண்டிவரும். சமதளத்தில் நிற்கும் வண்டியில் ஆயில் அந்த மேல் துளையின் கீழ் விளிம்பைத் தொட வேண்டும். சுண்டுவிரலை நுழைத்து வளைத்தும் நனையவில்லையென்றால் அளவு குறைவு.

வடிக்கும் நட்டில் காந்தம் இருந்தால் அதைத் துடைக்கும் முன் வெயிலில் பிடித்துப் பாருங்கள். திருநீற்றை எண்ணெயில் குழைத்தது போன்ற சாம்பல் நிறப் பசை, இத்தனை ஆண்டு ஓடிய வண்டிக்கு இயல்பானது. அதை இரு விரல்களுக்கிடையே தேய்த்தால் வழுவழுப்பாக இருக்க வேண்டும். குத்தினால், மீன் செதில் போன்ற மெல்லிய தகடுகள் மின்னினால், பேரிங்கின் ஓடுபாதை உரியத் தொடங்கிவிட்டது. கூரான மூலைகளுடைய துண்டு கிடைத்தால் அது பல்லின் உடைசல். அந்த வண்டியை அதற்கு மேல் ஓட்டக் கூடாது. பித்தளை காந்தத்தில் ஒட்டாது என்பதால், வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். பொன் துகள் போல மின்னினால் அது சிங்க்ரோ ரிங்கிலிருந்து வந்தது.

பால் கலந்தது போல வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. ஓடிச் சூடான அச்சு, ஓடை நீரிலோ மழை நீர் தேங்கிய பாலத்தடியிலோ இறங்கும்போது சட்டெனக் குளிர்ந்து உள்ளே உள்ள காற்று சுருங்கும். அச்சின் மேல் உள்ள சுவாசத் துளை மண்ணால் அடைத்திருந்தால், அந்த உறிஞ்சல் சீல் வழியாக நீரை இழுத்துவிடும். ஆயிலை மாற்றுவதோடு அந்தத் துளையையும் சுத்தம் செய்யுங்கள்.

கெட்டியான ஆயில் ஊற்றினால் சத்தம் குறையும் என்கிறார்களே?

சத்தம் குறையும், தேய்மானம் குறையாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பின் அச்சின் கிரவுன் பினியனுக்கு ஜி.எல்.-5 தர ஆயில் தேவைப்படும். ஆனால் பித்தளைச் சிங்க்ரோ உள்ள பல பழைய கியர்பாக்ஸுகளுக்கு ஜி.எல்.-4 தரமே பரிந்துரைக்கப்பட்டிருக்கும். ஜி.எல்.-5 ஆயிலில் கூடுதலாகச் சேர்க்கப்படும் கந்தகச் சேர்மங்கள் பித்தளைக்குக் கேடு செய்யக்கூடும். அதன் வழுவழுப்பால் சிங்க்ரோவின் பிடியும் தளரலாம். இரண்டு டப்பாவிலும் 80டபிள்யூ-90 என்ற ஒரே கெட்டித்தன்மை அளவு எழுதியிருப்பதால் இரண்டும் ஒன்று என்று எண்ணி, ஒரே டப்பாவை இரண்டிலும் ஊற்றுவது பரவலாக நடக்கிறது. வண்டியோடு வந்த கையேட்டில் எழுதியுள்ள தரத்தையே ஊற்றுங்கள்.

தொப்பூர் கணவாயில் இறங்கும்போது மட்டும் சத்தம் வருகிறது. நியூட்ரலில் இறக்கினால் வரவில்லை, அப்படியே ஓட்டலாமா?

ஓட்டவே கூடாது. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சரிவில் எத்தனை லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதியிருக்கின்றன என்பதை இங்கு வாழும் எல்லோரும் அறிவோம். நியூட்ரலில் இறங்கினால் வண்டியின் முழுப் பாரத்தையும் பிரேக் மட்டுமே தாங்குகிறது. அது சூடேறினால் பிடிப்பை இழக்கும். கியரில் இறங்கும்போது சக்கரம் என்ஜினைத் தள்ளுவதால், பினியன் பற்களின் மறுபக்கம் சுமை தாங்குகிறது. அப்போது மட்டும் எழும் சத்தம், பினியன் நட்டுத் தளர்வு, பினியன் பேரிங், அல்லது அந்தப் பக்கப் பற்களின் தேய்மானம் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறது. ஓசூர் கிருஷ்ணகிரியைவிட ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால், மேலுமலை வழியாக இறங்குகிறவர்களும் இதே சத்தத்தைச் சொல்வார்கள். சத்தத்தைச் சரிசெய்த பிறகு இறங்குங்கள். இறங்கியே ஆக வேண்டுமானால், சத்தத்தோடு கியரிலேயே இறங்குங்கள்.

நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் வேறு எதைப் பார்க்க வேண்டும்?

நான்கு சக்கர இயக்கத்தைத் தார்ச் சாலையில் போட்டு ஓட்டுகிறீர்களா என்பதை. பழைய பகுதிநேர அமைப்பில் முன் அச்சும் பின் அச்சும் இறுக்கமாகப் பிணைக்கப்படுவதால், வழுக்காத தரையில் திரும்பும்போது முறுக்கு ஏறி, இரு அச்சுகளுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முனகும். அது சேற்றுக்கும் மணலுக்கும் உரியது. விலக்கிய பிறகும் சத்தம் இருந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸின் ஆயிலைப் பாருங்கள்; அதற்குத் தனி நட்டு உண்டு என்பதையே பலர் அறிந்திருப்பதில்லை.

அளவுக்கு மேல் ஏற்றியதால்தான் பேரிங் போனதா?

பெரும்பாலும் ஆம் என்றே சொல்வேன். பேரிங்கின் ஆயுள், அதன் மேல் விழும் சுமையின் ஏறத்தாழ மூன்றாம் அடுக்குக்கு எதிர் விகிதத்தில் குறைகிறது. கால் பங்கு கூடுதலாக ஏற்றினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிறது. இரு மடங்கு ஏற்றினால் எட்டில் ஒரு பங்குக்குச் சரிகிறது. மண்டி விலை ஏறிய நாளில் இன்னும் இருபது பெட்டி ஏற்றிவிடத் தோன்றும் அவசரத்தை நான் அறிவேன். ஆனால் அந்த நடையில் கிடைக்கும் வாடகையையும் பின் அச்சு வேலைக்கு ஆகும் செலவையும் ஒரு முறை எழுதிப் பாருங்கள்.

சத்தத்தோடு எவ்வளவு தூரம் ஓட்டலாம்?

தூரத்தைக் கணக்கிட்டுச் சொல்ல முடியாது. எந்தப் பாகம் என்பதைப் பொறுத்தது. சிங்க்ரோ தேய்மானத்தோடு, மெதுவாகக் கியர் மாற்றிப் பல மாதம் ஓட்டலாம். மெல்லிய ஊளை ஆண்டுக்கணக்கில் கூடாமலும் இருக்கும். ஆனால் வீல் பேரிங், கிராஸ், பினியன் ஆட்டம் ஆகிய மூன்றிலும் நாள் கடத்தக் கூடாது. முன்பக்கக் கிராஸ் ஓடும்போது உடைந்தால் ஷாஃப்டின் முனை சாலையில் குத்தி வண்டியைத் தூக்கிவிடும். வீல் பேரிங் இறுகினால் சக்கரமே கழலக்கூடும். ஹப் சுடுகிறது, ஆயிலில் உடைசல் கிடைக்கிறது, அதிர்வு நாளுக்கு நாள் கூடுகிறது என்ற மூன்றில் எது தெரிந்தாலும், சுமையை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு இழுத்துக்கொண்டு வாருங்கள்.

பட்டறையில் என்ன சொல்ல வேண்டும்?

"கியர்பாக்ஸ் சத்தம்" என்று தீர்ப்பைச் சொல்லாமல், நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்: எந்த வேகத்தில் தொடங்குகிறது, எந்தக் கியரில் அடங்குகிறது, மிதித்தாலா விட்டாலா, சுமையோடா வெறும் வண்டியிலா, எந்தப் பக்கம் திரும்பும்போது. ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வருகிறவரின் வண்டியை நான் பாதி நேரத்தில் முடித்திருக்கிறேன். முடிந்தால் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து, சத்தம் வரும் அதே சாலையில் ஓட்டிக் காட்டுங்கள். வெறும் வண்டியை ஸ்டாண்டில் தூக்கி ஓடவிட்டுப் பார்த்தால், சுமையில் மட்டும் எழும் சத்தம் கேட்காமலே போகலாம். கழற்றிய பழைய பேரிங்கையும் கிராஸையும் உங்களிடம் தரச் சொல்லி, அவற்றை விரலால் சுற்றிப் பாருங்கள்.

பழைய வண்டி வாங்கப் போகிறேன், சத்தமே இல்லை. நம்பலாமா?

ஆயிலைப் பார்த்த பிறகு நம்பலாம். கியர்பாக்ஸிலும் டிஃபரன்ஷியலிலும் மரத்தூளையோ கிரீஸையோ கலந்து, விற்கும் வரை சத்தத்தை அடக்குவது பழைய தந்திரம். மேல் நட்டைக் கழற்றி விரலை விட்டு ஆயிலை வெளியே எடுத்துப் பாருங்கள். கூழ் போலத் திரண்டு, நார் நாராக ஒட்டினால் அந்த வண்டி வேண்டாம். நட்டைக் கழற்ற விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னாலும் வேண்டாம்.

வேலை முடிந்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

முன்பு சத்தம் வந்த அதே சாலையில், அதே சுமையோடு, அதே கியரில் ஓட்டிப் பாருங்கள். புதிய கிரவுன் பினியன் போட்டிருந்தால் முதல் சில நூறு கிலோமீட்டருக்கு முழுச் சுமை ஏற்றாமல், இடையிடையே நிறுத்திச் சூடு ஆறவிட்டு ஓட்டுங்கள். ஆயிரம் கிலோமீட்டரில் ஆயிலை ஒரு முறை மாற்றிவிடுங்கள். அப்போது காந்தத்தில் வரும் பசை சற்றுக் கூடுதலாக இருக்கும். அடுத்த முறை குறைந்திருக்க வேண்டும். கிராஸ் மாற்றியவர்கள் மாதம் ஒரு முறை, நான்கு கப்புகளிலிருந்தும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை கிரீஸ் கன்னை அழுத்துங்கள். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால், அந்த ஒன்றுக்காக ஷாஃப்டைத் திருப்பிவைத்து மீண்டும் அழுத்துங்கள்.